கேம் ஆஃப் த்ரோன்ஸ் முடிவு பிடிக்காதவர், முடியாத அந்தப் புத்தகங்களைப் படிக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன் தம்பி. எட்டு சீசனையும் ஒரே மாதத்தில் பார்த்து முடித்திருக்கிறீர்கள். கடைசி இரண்டு சீசனில் மனசு விட்டுப்போய்விட்டது. டிராகன் ராணி டெனேரிஸ் தலைநகர் கிங்ஸ் லேண்டிங்கை எரித்ததை உங்களால் ஏற்கவே முடியவில்லை. புத்தகத்தில் முடிவு வேறு மாதிரி இருக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், புத்தகமே இன்னும் முடியவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். தமிழ் மீடியத்தில் படித்தவன், ஆங்கிலம் சுமார்தான், இந்த நிலையில் நாலாயிரம் பக்கம் படிப்பது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கோளாறு கதையிலேயே இருக்கிறதா, சொன்ன விதத்தில் இருக்கிறதா? கதையே அப்படித்தான் என்றால் புத்தகத்திலும் அதே ஏமாற்றம் காத்திருக்கும். சொன்ன விதம் என்றால் தாராளமாகப் படிக்கலாம். நான் அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிவு முழுக்க வெளியே வந்துவிடும்.

பேசுகிறவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாக நாவல்களை நாடகமாக மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொலைக்காட்சித் தொழிலின் உள்ளே நான் இருந்ததில்லை. அங்கே பணமும் நடிகர்களின் தேதியும் எப்படி முடிவாகின்றன என்பதெல்லாம் என் பேச்சில் வராது. ஒரு கதை தாளிலிருந்து மேடைக்கு இடம் மாறும்போது எது தங்கும், எது உதிரும் என்பது மட்டும் கைப்பழக்கத்தில் தெரியும். ஐந்து புத்தகங்களையும் படித்திருக்கிறேன், 73 எபிசோடையும் பார்த்திருக்கிறேன். கடைசி எபிசோடை 2019 மே 20, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோடை லீவுக்கு வந்திருந்த அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். முடிந்ததும் அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டான். உங்கள் கேள்வியைப் படித்தபோது அந்தக் காலைதான் ஞாபகம் வந்தது.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இந்தக் கதையை மூன்று புத்தகங்களில் முடிப்பதாகத்தான் தொடங்கினார். அது வளர்ந்து ஏழு என்று ஆனது. 1996, 1998, 2000, 2005, 2011 என்று ஐந்து வந்துவிட்டன. மீதி இரண்டும் வரவில்லை. தொடர் 2011 ஏப்ரலில் தொடங்கியது. ஐந்தாவது புத்தகம் அதே வருஷம் ஜூலையில் வந்தது. அதாவது கேமரா ஓட ஆரம்பித்தபோது கடைக்கு வந்திருந்தது நாலு புத்தகம்தான். ஐந்தாம் சீசன் வாக்கில் தொடர் புத்தகத்தை எட்டிப் பிடித்தது, ஆறில் தாண்டிப் போய்விட்டது. இது நடக்கும் என்று தெரிந்துதான் தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃப், டி. பி. வைஸ் இருவரும் முன்கூட்டியே மார்ட்டினிடம் உட்கார்ந்து கதையின் போக்கைக் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டானிஸின் மகளான சிறுமி ஷிரீன் எரிக்கப்படுவதும், ஹோடோருக்கு அந்தப் பெயர் வந்த காரணமும் மார்ட்டின் சொன்னவை என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிரான் அரசனாவதும் மார்ட்டினிடமிருந்து வந்ததுதான் என்று பிரானாக நடித்தவர் பேட்டியில் சொன்னார்.

ஆக, போய்ச் சேரும் ஊர் பெரும்பாலும் அதேதான் என்று வைத்துக்கொள்ளலாம். வழி அதேவா என்றால், கட்டாயம் இல்லை. ஷிரீனையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் ஸ்டானிஸ் பனியில் மாட்டிக்கொண்ட முகாமில், அவர் கண் முன்னாலேயே அது நடக்கிறது. ஐந்தாம் புத்தகம் முடியும்போது ஸ்டானிஸ் வின்டர்ஃபெல்லை நோக்கிப் பனியில் தவித்துக்கொண்டிருக்கிறார். மகளும் மனைவியும் எங்கோ வடக்கே சுவரோரம் காசில் பிளாக்கில் இருக்கிறார்கள். நடுவே எத்தனையோ நாள் பயணம். அப்படியானால் புத்தகத்தில் அந்தக் கொடுமை நடக்கும்போது அங்கே யார் இருப்பார்கள், யார் உத்தரவிடுவார்கள், யாருக்குத் தெரியாமல் நடக்கும் என்பதெல்லாம் மாறலாம். ஒரே சாவுதான், ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பது மாறிவிடும். இதற்கு மேல் முடிவைப் பற்றி யார் உறுதியாகச் சொன்னாலும் அது ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முடிவு என்ற விஷயத்துக்கே வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து என்று ஒன்று உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். பகவதி கோவில்களுக்கு வெளியே இதற்கென்றே கட்டிய கூத்துமாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் முறிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு ஏற்றி, மான்தோல் பாவைகளை ஆட்டிக் கம்பராமாயணம் சொல்வார்கள். பாட்டு கம்பனுடையது, தமிழ். விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஆட்டுகிறவர்களைப் புலவர் என்றுதான் அழைப்பார்கள். 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று நடக்கும். ராம ராவண யுத்தம் நடந்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம், அதனால் அந்த யுத்தத்தைப் பார்க்கமுடியவில்லையாம். அவளுக்காகத்தான் இந்தக் கூத்து. எதிரே ஒரு ஆள் இல்லாவிட்டாலும் நடக்கும்.

ஒற்றப்பாலம் பக்கம் வேலை பார்த்த காலத்தில் நான் பல இரவுகள் போய் உட்கார்ந்திருக்கிறேன். கும்பகர்ணன் வருகிற இரவை இன்னும் மறக்கமுடியவில்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு வந்தவன் அண்ணனிடம் முதலில் கேட்பது, போர் வந்தேவிட்டதா, சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்பதைத்தான். சீதையை விட்டுவிடு என்று எடுத்துச் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. சரி என்று போருக்குக் கிளம்புகிறான். களத்தில் தம்பி வீடணன் வந்து நம் பக்கம் வந்துவிடு என்று கூப்பிடும்போது, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். இதை அந்தப் புலவர் இரவு ஒரு மணிக்கு மேல் பாட்டுப் பாட்டாகப் பிரித்துச் சொன்னார். கும்பகர்ணன் சாகப்போகிறான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் இருந்த பெரியவர் முண்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிரிப் படையில் நிற்பவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று அவன் வாயாலேயே கேட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அவன் சாவு நமக்குச் சாதாரணச் சாவு இல்லை.

மார்ட்டின் புத்தகத்தின் கட்டுமானம் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒரு ஆளின் மனசுக்குள்ளிருந்து நடக்கும். அத்தியாயத் தலைப்பே அந்த ஆளின் பெயர். முதல் புத்தகத்தில் முன்னுரைப் பகுதியை விட்டால் எட்டே எட்டு பேர்: நெட், கேட்லின், ஜான், பிரான், சான்சா, ஆர்யா, டிரியன், டெனேரிஸ். இவர்கள் கண்ணில் படாதது நமக்கும் தெரியாது. செர்சியை மூன்று புத்தகம் வரைக்கும் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம், நாலாவதில்தான் அவள் மண்டைக்குள் போகிறோம். முதல் புத்தகத்தில் சின்னப் பையனை ஜன்னலிலிருந்து தள்ளிவிட்ட ஜேமி, மூன்றாவதில் தன் குரலில் பேசத் தொடங்குகிறான். ராப் ஸ்டார்க்குக்கு ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. அந்தக் கல்யாண வீட்டுக் கொலையை நாம் அவன் தாய்க்குள்ளிருந்துதான் பார்க்கிறோம். அதனால்தான் அந்தப் பக்கங்களைப் படித்து முடித்துவிட்டு இரண்டு நாள் புத்தகத்தைத் தொடாமல் வைத்திருந்தேன்.

தியோன் கதை இதற்கு எல்லாவற்றையும்விட நல்ல உதாரணம். தொடரில் மூன்றாம் சீசன் பூராவும் ராம்சே அவனைச் சித்திரவதை செய்வதை நாம் பார்த்தோம். பலர் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புத்தகத்தில் அந்தச் சித்திரவதை ஒரு காட்சியாகக்கூட வருவதில்லை. இரண்டாம் புத்தகத்தின் கடைசியில் தியோன் காணாமல் போகிறான். மூன்றிலும் நாலிலும் அவன் குரலே இல்லை. ஐந்தில் 'ரீக்' என்ற தலைப்பில் ஒரு அத்தியாயம் வருகிறது. இருட்டில் எலி தின்றுகொண்டிருக்கிற, பேர் மறந்த ஒரு ஜீவன். சில பக்கம் போன பிறகுதான் இவன் யார் என்று நமக்கு உறைக்கிறது. அதற்கப்புறம் அத்தியாயத் தலைப்புகள் மாறிக்கொண்டே போகின்றன. வின்டர்ஃபெல்லின் இளவரசன், கட்சி மாறியவன், வின்டர்ஃபெல்லில் ஒரு ஆவி, கடைசியில் 'தியோன்'. ஒரு மனிதனுக்கு அவன் பெயர் திரும்பக் கிடைப்பதை வெறும் தலைப்புகளிலேயே சொல்லிவிடுகிறார். இதை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. நடிகரின் முகம் முதல் நொடியிலேயே இவன்தான் தியோன் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆல்ஃபி ஆலன் நன்றாகவே நடித்தார், அவர் மேல் குறையே இல்லை. இது காகிதத்தில் மட்டும் முடிகிற வேலை.

தொடரைக் குறை சொல்லவே இதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். மனசுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவர அவர்கள் நல்ல வழிகளைக் கண்டுபிடித்தார்கள். டெனேரிஸின் அப்பாவான பைத்தியக்கார ராஜாவைத் தான் ஏன் கொன்றேன் என்று ஜேமி குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்து பிரியெனிடம் சொல்கிற காட்சி புத்தகத்திலும் உண்டு, தொடரில் இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் சீசனில் ராபர்ட்டும் செர்சியும் தங்கள் செத்துப்போன கல்யாணத்தைப் பற்றி நிதானமாகப் பேசும் காட்சி புத்தகத்தில் கிடையாது. இருவரில் யாருக்கும் அந்தப் புத்தகத்தில் குரல் இல்லையே. ஹாரன்ஹாலில் ஆர்யா புத்தகத்தில் ரூஸ் போல்டனுக்குத்தான் கிண்ணம் ஏந்துகிறாள். தொடர் அவளை டைவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. நாடகம் எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது அருமையான முடிவு. எதிரியின் மேஜைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஒரு குழந்தை தன் பேரை மறைக்கிறாள் என்பதைவிட மேடைக்கு வேறென்ன வேண்டும்? இப்படிப் பேச்சாக மாற்றுவதற்கு நேரம் வேண்டும். ரெண்டு பேர் ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம். முதல் ஆறு சீசனில் பத்துப் பத்து எபிசோட் இருந்தது. ஏழாவதில் 7, எட்டாவதில் 6. சேனல் இன்னும் நீட்டிக்கத் தயாராக இருந்தது. எழுபது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போதும் என்பது எழுதியவர்கள் போட்ட கணக்கு. கடைசி 13 எபிசோடில் போர்கள் வளர்ந்தன, அறையில் உட்கார்ந்து பேசும் நேரம் சுருங்கிவிட்டது. முதல் சீசனில் ராஜா வடக்கே வந்து சேர ஒரு மாதம் ஆனது. ஏழாம் சீசனில் சுவருக்கு அப்பாலிருந்து ஒருவன் ஓடிவந்து, காக்கை கிளம்பி, டிராகன் பறந்து வந்து சேருகிறது. உறைந்த ஏரிக்கு நடுவே பாறை மேல் மாட்டிக்கொண்டவர்கள் அதுவரை உயிரோடு காத்திருக்கிறார்கள். வழி நீளமாக இருந்தபோது வழியில் ஆட்கள் பேசினார்கள், மாறினார்கள். வழியைச் சுருட்டியதும் மாற்றமும் சேர்ந்து சுருண்டுவிட்டது.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வருஷம் நானூறு பக்க நாவல் ஒன்றை ஒன்றரை மணி நேர நாடகமாக்கினேன். கதாநாயகி கடைசியில் தான் பிறந்த வீட்டையே வழக்குக்கு இழுப்பாள். நாவலில் அதற்கு முன்னால் இரண்டு இரவுகள் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் நடக்காது, பழையதை யோசிப்பாள். நேரம் போதவில்லை என்று அந்த இரண்டு இரவையும் வெட்டினேன். ஒத்திகையில் யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் நாவல் தெரியும். நாடகம் முடிந்து திரை விழுந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து வந்து கேட்டார்: "அந்தப் புள்ளைக்குத் திடீர்னு என்னாச்சுங்க டீச்சர்? அது வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" நான் அப்படியே நின்றுவிட்டேன். நடந்ததில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் அதைத்தான் செய்யவேண்டும். ஆனால் அவள் அங்கே நடந்துபோன இரண்டு இரவை நான் எடுத்துவிட்டேன், பாட்டிக்கு அது பைத்தியம் பிடித்த மாதிரித் தெரிந்தது. டெனேரிஸ் ஊர் சரணடைந்த மணியோசை கேட்ட பிறகும் அதைக் கொளுத்தியபோது நீங்கள் கேட்டதும் அந்தப் பாட்டி கேட்டதும் ஒரே கேள்விதான்.

இப்போது புத்தகத்தில் டெனேரிஸ் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். அவள் டிராகன் ஒரு குழந்தையைக் கொன்றுவிடும். தகப்பன் எலும்புகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பான். தொடரிலும் இது வருகிறது. அந்தக் குழந்தைக்காகத்தான் தன் பிள்ளைகள் மாதிரி வளர்த்த டிராகன்களில் இரண்டைச் சங்கிலி போட்டுக் குழிக்குள் அடைப்பாள். ஐந்தாம் புத்தகத்தில் அவளுடைய கடைசி அத்தியாயத்தில், புல்வெளியில் தனியாக, காய்ச்சலும் பசியுமாகக் கிடக்கிறாள். செத்துப்போன அண்ணன் குரல் கேட்கிறது. இங்கே இல்லாத ஜோராவின் குரல் கேட்கிறது. ஊருக்கு ஊர் அமைதி உண்டாக்கப் போய் எல்லாம் தோற்றதை நினைக்கிறாள். டிராகன்கள் மரம் நட்டுவைக்கிற ஜாதி இல்லை என்ற எண்ணம் வருகிறது. அப்போது அந்தக் குழந்தையை நினைக்கிறாள். அதன் பெயர் ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான், ஒரு வரி. கிங்ஸ் லேண்டிங் எரிவதற்கான முதல் நெருப்பு எனக்கு அந்த வரியில் தெரிந்தது. அவள் இன்னும் எந்த ஊரையும் எரிக்கவில்லை, ஆனால் எந்தப் பெயர் அவள் கையைக் கட்டி வைத்திருந்ததோ அது போய்விட்டது. தொடரில் இதே புல்வெளிக் காட்சி சில நிமிஷம்தான். மோதிரத்தைக் கழற்றிப் புல்லில் போடுகிறாள், குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், முடிந்தது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் முடிவு இது: கதை கெடவில்லை, அவள் நடந்த தூரம்தான் திரைக்கு வரவில்லை. டெனேரிஸ் தன் அப்பா வழியிலேயே போய்விடுவாள் என்பதற்கான விதை 1996 முதல் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. மார்ட்டின் அதை எப்படி நடத்திக் காட்டுவார் என்பதில் ஒரு பெரிய மாற்றம் இருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஐந்தாம் புத்தகத்தில் ஏகான் என்று ஒரு இளைஞன் வருகிறான், டெனேரிஸின் அண்ணன் ரேகாருடைய, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மகன் நான்தான் என்கிறான். கூலிப்படையோடு வெஸ்டெரோஸில் இறங்கியும் விடுகிறான். தொடரில் இந்த ஆளே கிடையாது. அவன் உண்மையான வாரிசா, வேஷக்காரனா என்று புத்தகம் இன்னும் சொல்லவில்லை. டெனேரிஸ் கடல் தாண்டி வரும்போது மக்கள் ஏற்கெனவே வேறொருவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தால், அவள் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடும். பொன்னியின் செல்வனில் சேந்தன் அமுதன் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தனை நாள் பூ கட்டிக்கொண்டிருந்தவன்தான் உண்மையான மதுராந்தகன் என்று கல்கி கடைசியில் அவிழ்ப்பார். இரண்டாவது படத்தில் அந்த ஆள்மாற்றம் இல்லை. ஆனாலும் கிரீடம் மதுராந்தகன் தலைக்குத்தான் போகிறது. வரலாற்றுக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் நாவலைப் படித்தவருக்கு அந்தக் கிரீடத்தின் எடை வேறு. ஏகானை எடுத்ததும், செத்த பிறகு எழுந்து வரும் கேட்லினை எடுத்ததும் அப்படிப்பட்ட வெட்டுகள்தான்.

முடியாத கதையைப் படிக்கலாமா என்பதற்கு இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வாசகசாலையில் பத்துப் பன்னிரண்டு பசங்களும் பொண்ணுங்களும் இந்தத் தொடரைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருநாள் ஸ்டார்க் குடும்பத்தின் 'விண்டர் இஸ் கமிங்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வாக்குவாதம். குளிர்காலம் வருகிறது என்றால் நம் ஊரில் யாருக்கு என்ன பயம்? மார்கழியில் ஒரு போர்வை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அப்போது பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: "பஞ்சம் வருதுன்னு சொல்லணுங்க டீச்சர்." அவள் சொன்னதுதான் சரி. அந்த உலகத்தில் குளிர்காலம் வருஷக்கணக்கில் நீளும். அந்த வாசகத்துக்கு அர்த்தம் தானியத்தைச் சேர்த்து வை, அண்டை வீட்டோடு சண்டையை நிறுத்து என்பதுதான். சித்தூரின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். ஆளியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டார்களா இல்லையா என்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது உடனே புரிந்தது. புத்தகத்தின் நாலாம் ஐந்தாம் பாகங்களில் ஆட்கள் ஓயாமல் அறுவடையைப் பற்றியும் களஞ்சியத்தைப் பற்றியும் பேசுவார்கள். ராஜாக்கள் சண்டையில் வயல்களை எரித்துவிட்டார்கள், இனி என்ன சாப்பிடுவது என்பது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். இது தொடரில் அநேகமாக இல்லை. இதைப் படிக்க ஏழாம் புத்தகம் வரவேண்டிய அவசியம் இல்லை.

சரி, எப்படிப் படிப்பது? முதல் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள், தொடர் விட்ட இடத்திலிருந்து வேண்டாம். முதல் சீசன் முதல் புத்தகத்தைக் கிட்டத்தட்டக் காட்சிக்குக் காட்சி பின்பற்றுகிறது. அது உங்களுக்குச் சாதகம். காட்சி ஏற்கெனவே கண்ணில் இருப்பதால் தெரியாத ஆங்கில வார்த்தையும் தானாகப் பிடிபடும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அகராதியைத் தூக்காதீர்கள், அவர் பழைய ஆங்கிலச் சொற்களையும் தானே உண்டாக்கிய சொற்களையும் கலந்து எழுதுகிறவர். சாப்பாட்டுப் பெயர்களும் கவச உறுப்புகளும் புரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. இன்னொன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: புத்தகத்தில் பிள்ளைகள் எல்லோரும் இன்னும் சின்னவர்கள். தொடக்கத்தில் டெனேரிஸுக்கு 13, ராபுக்கும் ஜானுக்கும் 14, சான்சாவுக்கு 11, ஆர்யாவுக்கு 9, பிரானுக்கு 7. தொடர் இவர்களுக்கு வயதைக் கூட்டியது. அந்த வயதுகளோடு அந்தக் கொடுமைகளைப் படிப்பது கஷ்டமாக இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடப்பதை மார்ட்டின் மூடி மறைத்து எழுதுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொடுப்பதில்லை, கல்லூரிக்குப் போன பிறகுதான்.

நாலாவதும் ஐந்தாவதின் பெரும்பகுதியும் ஒரே காலத்தில் நடப்பவை. கதை பெருத்துவிட்டதால் ஆட்களை இடவாரியாகப் பிரித்துவிட்டார். நாலாவதில் ஜான், டிரியன், டெனேரிஸ் மூவரின் அத்தியாயங்களும் கிடையாது. சிலர் இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்துப் படிக்கும் ஒரு வரிசையை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு அது வேண்டாம், வந்த வரிசையிலேயே படியுங்கள். நாலாவதில் செர்சியின் குரலும் பாழாய்ப்போன ஊர்களின் வழியே பிரியென் நடக்கும் நடையும் தனியாக இருந்தால்தான் கேட்கும். பலர் அங்கேதான் சலித்து நிறுத்துகிறார்கள். ஐந்து புத்தகங்களிலும் எனக்கு அதிகம் பிடித்தது அந்த நாலாவதுதான்.

முடியாத கதை என்றால் மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது என்றால், இன்னொரு வாசல் உண்டு. அதே உலகத்தில், இந்தக் கதைக்குச் சுமார் 90 வருஷத்துக்கு முன்னால், டங்க் என்ற ஏழை வீரனும் எக் என்ற மொட்டைத் தலைப் பையனும் ஊர் ஊராகப் போகும் மூன்று குறுநாவல்கள். மூன்றும் சேர்ந்து 2015இல் ஒரே புத்தகமாக வந்தது. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்த கதை, ஆங்கிலமும் எளிது. ஹவுஸ் ஆஃப் த டிராகன் தொடரைப் பார்த்துவிட்டு அதன் மூலத்தைத் தேடுகிறவர்களுக்கு 2018இல் வந்த ஃபயர் அண்ட் பிளட் இருக்கிறது. ஆனால் அது வரலாற்று நூல் மாதிரி எழுதப்பட்டது, யார் மனசுக்குள்ளும் போகாது. இவர் இப்படிச் சொல்கிறார், அரண்மனைக் கோமாளி அப்படிச் சொல்கிறான் என்றே போகும். உங்களுக்குக் குறையாகப் பட்டது ஆட்களின் மனசு என்பதால், இப்போதைக்கு அது வேண்டாம்.

ஒரு இரவுக்கு ஒரு அத்தியாயம் என்று வையுங்கள். பத்துப் பதினைந்து பக்கம்தான் வரும். முதல் புத்தகத்தில் எழுபது அத்தியாயத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். கடைசிப் பக்கங்களில் குடும்பம் குடும்பமாக ஆட்களின் பட்டியல் போட்டிருப்பார்கள். அங்கே ஒரு காகிதத்தைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள், முதல் நூறு பக்கத்துக்கு அடிக்கடி புரட்ட வேண்டிவரும்.